ராத்திரி தூக்கமில்லை, காலையில் எழவே முடியலை... 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' கோளாறுக்கு இயற்கை மருத்துவம் கைகொடுக்குமா?

விசைப்படகு கடலுக்குப் போன ராத்திரி, மண்டபத்தில் அந்தப் படகுக்காரர்களின் வீடுகளில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. காலையில் கிளம்பிய படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும். நடுவில் போன் அடித்தால் நெஞ்சு திக்கென்று இருக்கும். காற்று கொஞ்சம் மாறினாலே வாசலுக்கு வந்து நிற்பார்கள். "சிறைபிடிப்பு" என்ற சொல் டிவியில் கேட்டாலே கை நடுங்கும்.

இப்படிப் பல வருஷம் ஓடும்போது உடம்பு என்ன ஆகும்? தூக்கம் கெடும். காலையில் எழுந்ததுமே அசதி. வயிற்றைச் சுற்றி எடை கூடும். சும்மாவே எரிச்சல் வரும். மொபைலைத் திறந்தால், "உங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிடுச்சு, இந்தப் பொடியைச் சாப்பிடுங்க" என்று வரிசையாக வீடியோக்கள்.

உண்மையில் இந்த ஹார்மோன் என்ன செய்கிறது? இயற்கை மருத்துவம் எந்த அளவுக்கு உதவும்? எங்கே உதவாது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கார்டிசால்னா என்ன?

நமது ரெண்டு சிறுநீரகத்துக்கும் மேலே, தொப்பி வைத்த மாதிரி ரெண்டு சின்ன சுரப்பிகள் இருக்கின்றன. பெயர் அட்ரினல். அவை சுரக்கும் முக்கியமான ஹார்மோன்களில் ஒன்றுதான் கார்டிசால். இதைத்தான் 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று சொல்கிறோம்.

ஆபத்து என்று மூளை நினைத்த உடனே, மூளையின் அடிப்பகுதியில் இருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு போகும். பிட்யூட்டரி அட்ரினலைத் தட்டி எழுப்பும். கார்டிசால் ரத்தத்தில் கலக்கும். சர்க்கரை அளவு கூடும், ரத்த அழுத்தம் ஏறும், உடம்பு ஓடவோ போராடவோ தயாராகும். செரிமானம் மாதிரி அப்போதைக்கு அவசரமில்லாத வேலைகள் பின்னுக்குத் தள்ளப்படும்.

உடம்பு அழுத்தத்துக்கு இப்படி ஒரே மாதிரியான எதிர்வினை காட்டுகிறது என்பதை 1936-ல் ஹான்ஸ் செலியே என்ற விஞ்ஞானி 'நேச்சர்' இதழில் எழுதினார். அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களைக் கண்டறிந்து ஆராய்ந்ததற்காக 1950-ல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ கார்டிசால் வில்லனா?

இல்லவே இல்லை. கார்டிசால் இல்லாமல் மனுஷன் உயிர் வாழ முடியாது. அது எவ்வளவு சுரக்கிறது என்பதோடு, எந்த நேரத்தில் சுரக்கிறது என்பதும் முக்கியம்.

கடலுக்கு ஏற்றம் இறக்கம் இருக்கிற மாதிரி கார்டிசாலுக்கும் உண்டு. விடியற்காலையில் ஏற ஆரம்பிக்கும். தூங்கி எழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அதுதான் நம்மைப் படுக்கையில் இருந்து எழுப்பி வேலைக்கு அனுப்புகிறது. அப்புறம் பகல் முழுக்க மெல்ல இறங்கி, நள்ளிரவு வாக்கில் மிகக் குறைவாக இருக்கும். அப்போதுதான் ஆழ்ந்த தூக்கம் வரும்.

இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிட்டால் சிக்கல் ஆரம்பிக்கிறது. ராத்திரி இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது. காலையில் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. "படுத்தா தூக்கம் வரலை, எழுந்தா தெம்பு இல்லை" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இருப்பதில் இதுவும் ஒன்று.

தூக்கம் கெட்டால் கார்டிசாலும் கெடும். ஒரு ராத்திரி தூக்கத்தைக் குறைத்தவர்களுக்கு மறுநாள் சாயங்காலம் கார்டிசால் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததை 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கார்டிசால் இறங்காவிட்டால் தூக்கம் வராது, தூக்கம் வராவிட்டால் கார்டிசால் இறங்காது. சுற்றிச் சுற்றி அதே இடம்தான்.

மண்டபத்தில் இந்தத் தாளம் ஏன் தப்புகிறது?

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ரெண்டு கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது மண்டபம். இங்கே வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற முறை பல காலமாக இருக்கிறது. அதனால் விசைப்படகுத் தொழிலாளிக்கு ஒரு ராத்திரி கடலில் கண்விழிப்பு, அடுத்த ராத்திரி வீட்டில் தூக்கம். உடம்பின் கடிகாரம் ஒரு நேரத்துக்குப் பழகும் முன்பே அடுத்த நடை வந்துவிடும்.

அடுத்து தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. உடம்புக்கு ஓய்வு கிடைக்கும், ஆனால் கைக்குக் காசு வராது. 2023 ஆகஸ்ட் 18 அன்று மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயில் இருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ரெண்டு மாசத்துக்கு வலை, இன்ஜின் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு எல்லாவற்றுக்கும் அது போதுமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் போடப்படும் கணக்கு.

எல்லாவற்றுக்கும் மேலே இலங்கைக் கடற்படையின் கைது பயம். ஆள் திரும்பி வந்தாலும் படகு வருமா என்ற கேள்வி மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தொங்கும்.

இதே ஊரில்தான் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 1983-க்குப் பிறகு போருக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்களும், 2022-ல் பொருளாதார நெருக்கடியால் வந்தவர்களும் முதலில் தங்கவைக்கப்பட்டது இங்கேதான்.

இங்கே ஒரு முக்கியமான தகவல். நெடுநாள் அழுத்தம் என்றாலே கார்டிசால் கூடும் என்று நினைக்கிறோம். ஆனால் போர் மாதிரியான பெரிய அதிர்ச்சியைப் பார்த்து, அதன் மனக்காயம் ஆறாமல் இருப்பவர்களில் பலருக்குக் கார்டிசால் வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் "எல்லாரும் கார்டிசாலைக் குறைங்க" என்று மொத்தமாகச் சொல்லும் வீடியோ, ஆரம்பத்திலேயே தப்பு.

'ஹார்மோன் கெட்டுப்போச்சு' என்றால் எந்த வகை?

இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த வைத்தியமும் ஆரம்பிக்கக் கூடாது. மூன்று வகை இருக்கிறது.

1. நிஜமான சுரப்பி நோய். கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரந்தால் குஷிங் நோய்க்குறி. பெரும்பாலும் பிட்யூட்டரியிலோ அட்ரினலிலோ ஒரு சிறு கட்டி காரணமாக இருக்கும். சுரப்பே குறைந்துபோனால் அடிசன் நோய். 1855-ல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்ததால் அந்தப் பெயர். காசநோய் அட்ரினலைத் தாக்கினாலும் இது வரும். ரெண்டுமே அரிதானவை, ஆனால் ரெண்டுக்கும் ஆங்கில மருத்துவ சிகிச்சை கட்டாயம்.

2. மருந்தால் வந்த கோளாறு. நம் ஊர்ப்பக்கம் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் நோய்க்குக் கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் எல்லாமே ஸ்டீராய்டு. அதாவது கார்டிசாலின் வேலையைச் செய்யும் மருந்துகள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை எடுத்தால் உயிர் காக்கும். மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கி மாசக்கணக்கில் போட்டால், உடம்பின் சொந்த அட்ரினல் தூங்கிப்போய்விடும்.

3. தாளம் தப்பிய நிலை. சுரப்பியில் நோய் இல்லை. தூக்கம், சாப்பாடு, கவலை, வேலை நேரம் எல்லாம் சேர்ந்து ஏற்ற இறக்கத்தைக் கலைத்திருக்கும். பெரும்பாலானவர்கள் இந்த வகையில்தான் வருவார்கள். இயற்கை மருத்துவம் உண்மையில் உதவக்கூடிய இடமும் இதுதான்.

'அட்ரினல் களைத்துவிட்டது' என்று ஒரு நோய்ப்பெயர் இணையத்தில் சுற்றுகிறது. அப்படி ஒரு நோய்க்கு ஆதாரம் இல்லை என்று, 58 ஆய்வுகளை அலசிய ஒரு கட்டுரை 2016-ல் வெளியானது. உங்கள் அசதி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத்திணறல் என்று வேறு காரணம் இருக்கலாம், அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

கார்டிசால் டெஸ்ட் எடுக்கணுமா?

எல்லாருக்கும் தேவையில்லை. காலை 8 மணிக்கு எடுக்கும் அளவு வேறு, சாயங்காலம் எடுக்கும் அளவு வேறு. ஊசியைப் பார்த்துப் பயந்தால்கூட அளவு ஏறும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து "உங்களுக்கு ஸ்ட்ரெஸ் அதிகம்" என்று சொல்ல முடியாது.

குஷிங் நோய் இருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டால் 24 மணி நேரச் சிறுநீர், நள்ளிரவு எச்சில், டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் ரத்தம் பார்ப்பது என்று தனித்தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன. டாக்டர் சொல்லாமல் நீங்களாகப் பணம் கட்டி எடுக்க வேண்டாம். அசதிக்கு முதலில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் இந்த நாலையும் பார்த்தாலே பாதிப் பேருக்குக் குழப்பம் தீரும்.

இயற்கை மருத்துவம்னா எது? எது இல்லை?

பல பேர் சித்தா, ஆயுர்வேதம், நாட்டு மருந்து, இயற்கை மருத்துவம் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். இல்லை. இயற்கை மருத்துவத்தில் மருந்தே கிடையாது. தண்ணீர், மண், வெயில், காற்று, உணவு, உண்ணாநோன்பு, யோகா, மூச்சுப்பயிற்சி, மசாஜ் இவைதான் கருவிகள். "இயற்கை மருத்துவ மாத்திரை" என்று யாராவது விற்றால், அங்கேயே சந்தேகம் வரணும்.

இந்தியாவில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் காந்தி. ஈர மண் பட்டி, இடுப்புக் குளியல் எல்லாம் அவர் தன் உடம்பிலேயே செய்து பார்த்தவர். 1946-ல் புனே பக்கத்தில் உருளிகாஞ்சன் கிராமத்தில் ஏழைகளுக்காக இயற்கை மருத்துவ நிலையம் ஆரம்பித்தார். 2018 முதல் நவம்பர் 18-ஐ இயற்கை மருத்துவ தினமாக மத்திய அரசு கடைப்பிடிக்கிறது.

தமிழ்நாட்டில் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதற்கான பட்டம் பி.என்.ஒய்.எஸ். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி. உடற்கூறு, நோய்க்குறியியல் எல்லாம் படித்துத்தான் வருகிறார்கள். அதனால் யாரிடம் போனாலும் "என்ன பட்டம், பதிவு எண் என்ன?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

எது உதவுது? ஆதாரம் என்ன?

மெதுவான மூச்சு: செலவே இல்லாதது, உடனே பலன் தெரிவது. ஒரு நிமிஷத்துக்கு 6 மூச்சு என்ற அளவில் இழுத்து விட்டால், உடம்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு வேலை செய்ய ஆரம்பிக்கும். இதயத் துடிப்பு நிதானமாகும். 4 எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், 6 எண்ணும் வரை விடுங்கள். 5 முதல் 10 நிமிஷம் போதும். நாடி சுத்தி, வண்டு ரீங்காரம் மாதிரி ஒலி எழுப்பும் பிராமரி ரெண்டும் இதே வழிதான். கபாலபாதி மாதிரி வேகமான பயிற்சிகளை ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாகச் செய்யக் கூடாது.

யோகா: பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோயாளிகள் யோகா செய்தபோது ரத்தத்தில் கார்டிசால் குறைந்ததைப் பார்த்தார்கள். மனச்சோர்வு குறைந்ததும் கார்டிசால் குறைந்ததும் சேர்ந்தே நடந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் நம்பிக்கை தருவது.

வெளிக்காற்று: 36 பேரை வைத்து அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், இயற்கையான சூழலில் 20 முதல் 30 நிமிஷம் இருந்தவர்களுக்கு எச்சிலில் கார்டிசால் வேகமாக இறங்கியது. மண்டபத்துக்காரர்களுக்கு இதற்காக எங்கேயும் போக வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம், அந்த நேரத்தில் போனைத் தொடக் கூடாது. அந்த ஆய்விலும் அதுதான் விதி.

வெந்நீர்: படுக்கப் போவதற்கு ஒன்று அல்லது ரெண்டு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் சராசரியாக 10 நிமிஷம் சீக்கிரம் தூக்கம் வருவதாக 2019-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இயற்கை மருத்துவர்கள் சொல்லும் வெந்நீர்ப் பாதக் குளியலும் இதே கணக்குதான். ஒரு வாளியில் கணுக்கால் மூழ்கும் அளவு தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீர், 10 முதல் 15 நிமிஷம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வீட்டில் வேறு ஒருவரைக் கையால் சூடு பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் காலில் கொப்புளம் வந்தும் தெரியாது.

மண் பட்டி: வயிற்றிலும் கண்ணிலும் குளிர்ந்த மண் பட்டி போட்டால் சுகமாக இருக்கும், உடம்பு தளரும். ஆனால் கார்டிசாலைச் சரிசெய்யும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. கடற்கரை மணலை அள்ளிப் போடுவது மண் சிகிச்சை ஆகாது. அதற்கென்று ஆழத்தில் எடுத்து, சலித்து, வெயிலில் காயவைத்த மண் வேண்டும்.

உண்ணாநோன்பு: இங்கேதான் கவனம். பட்டினியே உடம்புக்கு ஓர் அழுத்தம். 2010-ல் வெளியான ஆய்வில் 3 வாரம் குறைந்த கலோரி உணவில் இருந்த பெண்களுக்குக் கார்டிசால் கூடியது. ஏற்கெனவே தூங்காமல், கவலையில் இருப்பவர் "டீடாக்ஸ்" என்று நாள்கணக்கில் பட்டினி கிடந்தால், சரிசெய்யப் போய்க் கெடுத்துக்கொள்வார். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு இது நேரடி ஆபத்து.

சாப்பாட்டில் என்ன மாத்தலாம்?

பெரிய பட்டியல் தேவையில்லை. நேரம்தான் முதல் மருந்து. கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் பலர் காலையில் ஒரு டீயோடு இறங்கி, மதியம் தாண்டித்தான் சாப்பிடுகிறார்கள். கிளம்பும் முன்பு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழோ, பழைய சோறும் மோருமோ வயிற்றில் இருந்தால், கார்டிசால் தனியாக நின்று சர்க்கரையை ஏற்ற வேண்டியிருக்காது.

இயற்கை மருத்துவர்கள் பொதுவாகச் சைவ உணவைத்தான் சொல்வார்கள். அதற்காகக் கடற்கரைக்காரர் மீனை விட வேண்டும் என்று இல்லை. சாளை மாதிரி சின்ன மீன்களில் ஒமேகா 3 கொழுப்பு நிறைய இருக்கிறது. பொரிப்பதற்குப் பதில் குழம்பாக, கூடவே முருங்கைக்கீரை, காய், பயறு. கருவாடு மட்டும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அளவோடு.

டீ, காபியில் இருக்கும் கஃபீன் கார்டிசாலை ஏற்றும். உள்ளே போன கஃபீன் பாதி குறையவே 5 மணி நேரம் ஆகும். மதியம் 2 மணிக்கு மேல் தவிர்த்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். "ஒரு கட்டிங் போட்டாதான் தூக்கம் வருது" என்பவர்களுக்கு: சாராயம் கண்ணை மூடவைக்கும், ஆழ்ந்த தூக்கத்தைத் தராது. கார்டிசாலையும் ஏற்றும். கருப்பட்டி நம் மாவட்டத்துப் பெருமைதான், ஆனால் அதுவும் சர்க்கரைதான்.

படகு போன ராத்திரிக்கு ஒரு திட்டம்

- சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் 20 நிமிஷம் கடற்கரை நடை. போன் வீட்டில்.
- 8 மணிக்குள் சாப்பாடு.
- 9 மணிக்கு வெந்நீரில் கால். அதன் பிறகு செய்தி, வாட்ஸ்அப் வீடியோ வேண்டாம். படகு பற்றிய அழைப்பு வரும் என்ற கவலை இருந்தால், அந்த நம்பர்களுக்கு மட்டும் சத்தம் வரும்படி போனில் வைத்துக்கொள்ளலாம்.
- படுத்ததும் 10 நிமிஷம் மெதுவான மூச்சு, சவாசனம். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து, மறுபடி மூச்சு.
- வீட்டில் ரெண்டு பெரியவர்கள் இருந்தால் முறை வைத்துக் காத்திருங்கள். ரெண்டு பேரும் விழிப்பதால் படகு சீக்கிரம் வராது.

கடலில் இருந்து வந்தவருக்கு: மீன் இறக்கி முடித்ததும் இருட்டான அறையில் 4 மணி நேரமாவது தூக்கம். சாயங்காலம் வரை தூங்க வேண்டாம், ராத்திரித் தூக்கம் போய்விடும். கடலுக்குப் போகாத நாட்களிலும் எழும் நேரத்தை ரொம்ப மாற்றாதீர்கள். எழுந்ததும் முகத்தில் வெளிச்சம் படட்டும். உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம்தான்.

எதைச் செய்யவே கூடாது?

ஒன்று: ஸ்டீராய்டை டக்கென்று நிறுத்துவது. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரிடம் "ஆங்கில மருந்தை நிறுத்து, இயற்கைக்கு வா" என்று யாராவது சொல்லி, அவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தூங்கிப்போன அட்ரினல் உடனே எழாது. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் அடியோடு விழுவது என்று போகும். டாக்டர்தான் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கணும்.

ரெண்டு: பெயர் இல்லாத பொடி. மூட்டுவலிக்கு, எடை போட, தெம்புக்கு என்று லேபிள் இல்லாமல் விற்ற சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது இந்தியாவில் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது. சாப்பிட்ட ரெண்டு நாளில் வலியெல்லாம் பறந்தால், சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள்.

மூன்று: படர்தாமரைக்கு, முகம் வெளுக்க என்று கடையில் கேட்டு வாங்கும் களிம்பு. உப்புத் தண்ணீரிலும் வியர்வையிலும் வேலை செய்பவர்களுக்குப் படர்தாமரை சகஜம். அதற்கு விற்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் அரிப்பு அடங்கும், அப்புறம் இன்னும் பரவும். நிறைய இடத்தில், நிறைய நாள் தடவினால் தோல் வழியாக ரத்தத்துக்கும் போகும்.

நாலு: அமுக்கரா. அஸ்வகந்தா என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க விற்கிறது. சில சிறிய ஆய்வுகளில் கார்டிசால் குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது, தைராய்டு அளவையும் மாற்றும். டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சித்த மருத்துவரிடம் கேட்டு எடுப்பது வேறு, ரீல்ஸ் பார்த்து எடுப்பது வேறு.

எப்போ உடனே மருத்துவமனை?

- முகம் நிலா மாதிரி உருண்டு, வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போவது, உட்கார்ந்து எழ முடியாத தொடை பலவீனம்: குஷிங் சந்தேகம்.
- காரணமில்லாமல் எடை குறைவது, வெயில் படாத இடமும் உள்ளங்கை ரேகையும் வாய்க்குள்ளும் கறுப்பது, உப்புக்கு ஏங்குவது, எழுந்தால் தலைசுற்றல்: அடிசன் சந்தேகம்.
- ஸ்டீராய்டு எடுத்துவந்தவர் நிறுத்தியதும் வாந்தி, மயக்கம்: அவசரம், 108-ஐ அழையுங்கள்.
- நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்: "டென்ஷன்தான்" என்று மூச்சுப்பயிற்சி செய்துகொண்டு இருக்காதீர்கள்.
- ரெண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் என்ற எண்ணம் வருகிறது: மனநல உதவி இன்றே.

எங்கே போகலாம்?

மண்டபம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அடுத்த கட்டப் பரிசோதனைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தமிழ்நாட்டின் பல அரசுத் தலைமை மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே கேளுங்கள்.

மனசு தாங்காத ராத்திரிகளுக்கு 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-லும் பேசலாம்.

கடைசியாக...

மூச்சுப்பயிற்சியால் சிறையில் இருக்கும் ஆள் திரும்ப மாட்டார். வெந்நீரில் கால் வைத்தால் டீசல் கடன் குறையாது. மீனவர் வீட்டுக் கவலைக்குக் காரணம் உடம்புக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. அதைத் தீர்க்க வேண்டியது ரெண்டு நாட்டு அரசுகளும்தான்.

ஆனால் அது தீரும் வரை அந்த உடம்பு தாங்கணும். தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, மெதுவான மூச்சு, காலை வெளிச்சம். நாலுக்கும் காசு வேண்டாம். இதைச் சொல்லித்தருவதுதான் நல்ல இயற்கை மருத்துவம். இந்த நாலையும் விட்டுவிட்டு 1,500 ரூபாய் பொடியைக் கையில் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அந்தப் பணத்துக்கு வீட்டுக்கு மளிகை வாங்கிப் போடுங்கள். ஒரு கவலையாவது குறையும்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கு மட்டுமே. எந்த மருந்தையும் தொடங்கும் முன்பும் நிறுத்தும் முன்பும் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.)